வாழை கட்டாத பந்தல்

2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். விடியற்காலை நான்கு மணிக்குப் பிடித்த மழை ஒன்பதரைக்கு விட்டிருந்தது, ஆனால் வானம் வெளிக்கவில்லை. துறைமுகப் பக்கமிருந்து காற்று ஈரமாக வந்துகொண்டிருந்தது. நான் என் வீட்டு வாசல் படலைக்கு உள்ளே முகக்கவசம் போட்டுக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். படலைக்குக் குறுக்கே பச்சை நைலோன் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. கயிற்றுக்கு அப்பால், ஒழுங்கை ஓரம், மழைக்குக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே பன்னிரண்டு கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

அந்த நேரத்தில் ஒழுங்கை முகப்பில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. சாம்பல்தீவுப் பக்கத்துச் சல்லியில் இருக்கும் என் சம்பந்தியம்மா, அதாவது என் மருமகனைப் பெற்ற தாய், அதிலிருந்து இறங்கினார். இறங்கும்போதே தலையில் அடித்துக்கொண்டு அழுதபடிதான் இறங்கினார்.

அவர் வந்தது என் செத்தவீட்டுக்கு.

அது எப்படி நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் ஒரு விஷயத்தைப் பத்துப் பேர் பன்னிரண்டு விதமாகச் சொல்லுவார்கள். என் கதையையாவது நான் சொன்னதாக இருக்கட்டும்.

நான் துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் சரக்கு எண்ணும் கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூடைகளை நாலு கோடு கீறி ஐந்தாவதைக் குறுக்கே போட்டு எண்ணுவது என் வேலை. வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. கோயிலுக்குப் போனால் விளக்கை எண்ணுவேன், சாப்பாட்டில் அப்பளத்தை எண்ணுவேன். மனைவிக்கு அது பெரிய தொல்லை. ஆனால் அந்தப் பழக்கம்தான் என் நோயை எனக்குச் சொன்னது.

ஈரல் சுருங்கிவிட்டது என்று முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை. எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருபத்திரண்டு வருடமாக உண்டு. அதோடு ஈரலில் கொழுப்புப் படிந்து, மெல்ல மெல்ல வடு விழுந்து, கடைசியில் ஈரல் கல்லுப்போல ஆகிவிட்டதாம். ஊர் அதைக் கேட்கத் தயாராக இல்லை. ஈரல் கெட்டதென்றால் குடி. வேறு காரணம் அவர்களுக்குத் தெரியாது. சந்தையில் ஒருவர் என் முகத்துக்கு நேரே, "துறைமுகத்திலை கப்பல்காரர் குடுத்ததையெல்லாம் ஊத்தியிருப்பியள் ஐயா" என்று சிரித்தார். நான் வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. அவரிடம் அதைச் சொன்னேன். "ஓம், ஓம்" என்றார். அந்த இரண்டு ஓமையும் நான் இன்னும் மறக்கவில்லை.

வயிறு நீர் கோத்து வீங்கியது. ஊசி போட்டு ஐந்து லீற்றர் எடுத்தார்கள். பதினைந்து நாளில் திரும்ப வந்தது. ஒருநாள் கிளினிக்கில் ஓர் இளம் டொக்டர், "ஐயா, நூறிலையிருந்து ஏழு ஏழாய்க் கழியுங்கோ பாப்பம்" என்றார். தொண்ணூற்று மூன்று என்றேன். அடுத்தது வரவில்லை. முப்பத்து நான்கு வருடம் கப்பல் கப்பலாக எண்ணியவனுக்குத் தொண்ணூற்று மூன்றுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கெட்ட ஈரல் இரத்தத்திலிருக்கும் நஞ்சைக் கழிக்காமல் விட, அது மூளைக்கு ஏறுகிறது என்றார்கள். மருந்துக் குளிசையில் இனி நிற்காது, ஈரலை மாற்ற வேண்டும் என்றார்கள். செத்தவர்களிடமிருந்து ஈரல் கிடைக்கக் காத்திருக்கலாம், ஆனால் அதுவரை நான் இருப்பேனோ தெரியாது. உயிரோடிருக்கும் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தரலாம். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சில மாதங்களில் அது வளர்ந்துவிடும். உடம்பில் அப்படி வளர்ந்து நிரம்பும் உறுப்பு அது ஒன்றுதானாம்.

வெளிநாட்டிலுள்ள மகனின் இரத்த வகை பொருந்தவில்லை. மகளுக்குப் பொருந்தியது, ஆனால் அவளுடைய ஈரலிலேயே கொழுப்பு ஏறியிருந்தது. மனைவிக்கு வயது கூட. அதோடு விஷயம் முடிந்தது என்று நான் மனதுக்குள் கோட்டைக் குறுக்கே கீறிவிட்டேன்.

என் மருமகன் கடற்தொழில் செய்பவர். இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பதினொரு வருடமாக எங்களோடுதான் இருக்கிறார். அன்று பின்வளவில் படகு இஞ்சினை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"மாமா, என்ர இரத்தம் ஓ."

"அதுக்கு?"

"உங்கடையும் ஓ."

எனக்கு விளங்கியது. "தம்பி, பெண் குடுத்தவன் மாப்பிள்ளையிட்டை கை நீட்டுறதில்லை. நீங்கள் கொண்டுவாற மீனுக்கே நான் காசு தாறனான்."

"தாறனீங்கள்தான். சந்தை விலைக்கு மேலை ஒரு சதம் தந்ததில்லை."

"பகிடி விடாதேங்கோ. என்னாலை ஏலாது."

"நான் உங்களைக் கேக்கேல்லை மாமா. சொல்லுறன்."

இரண்டு நாளில் சம்பந்தியம்மா சல்லியிலிருந்து வந்தார். வழக்கமாக வந்தால் முதலில் குசினிக்குப் போய் அடுப்படியில் நிற்பார். அன்று நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணை, நான் ஒளிச்சுக் கதைக்கமாட்டன். நீங்கள் அறுபத்தாறு வருசம் இருந்திட்டியள். என்ர பிள்ளைக்கு முப்பத்தொன்பது. ரெண்டு குஞ்சுகள் இருக்கு."

"சரியான கணக்கு, தங்கச்சி. நானும் அதைத்தான் சொல்லுறன்."

அவர் சண்டைக்கு ஆயத்தமாக வந்தவர். நான் அவருடைய பக்கத்தில் நின்றதும் என்ன செய்வதென்று தெரியாமல் கதிரையில் இருந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்த மனிதரிடம் மூன்று தரம் சொல்லிப் பார்த்தோம். மூன்று தரமும் தோற்றோம். கொழும்புப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் அவரைத் தனியே ஓர் அறைக்குள் வைத்து, யாராவது வற்புறுத்தினார்களா என்று ஒரு குழு விசாரித்தது. அது சட்டம். அவர் சொன்ன பதிலை வெளியே வந்து சிரித்துக்கொண்டு சொன்னார். "ஓம் எண்டு சொன்னனான், மாமா. குடுக்க வேண்டாமெண்டு ரெண்டு பேர் கடுமையாய் வற்புறுத்தினவை எண்டு சொன்னனான்."

நான் இணங்கினேன். சாக விருப்பமில்லை என்பது காரணம். வேறு பெரிய நியாயம் ஒன்றும் கிடையாது. அறுபத்தாறு வயதில் வாழ ஆசைப்படுவது வெட்கக்கேடு என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் சம்பந்தியம்மா வார்டு வாசலில் என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்.

"வெட்டுறதெண்டு முடிவெண்டால் வெட்டட்டும். ஆனால் அண்ணை, அது வீணாய்ப் போச்செண்டால் உங்களை நான் மன்னிக்கமாட்டன். செத்த பிறகும் மன்னிக்கமாட்டன்."

"வீணாக்கமாட்டன்" என்றேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

நவம்பர் எட்டாம் திகதி, புதன்கிழமை. இரண்டு சத்திரசிகிச்சைக் கூடங்கள் பக்கத்துப் பக்கத்தில். காலை ஏழு மணிக்கு மருமகன் முதலில் போனார். அவருடைய ஈரலின் வலப்பாதி, ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு, வெட்டி எடுக்கப்பட்டது. என்னுடையதை முழுவதுமாக அகற்றிவிட்டு அந்த இடத்தில் அதை வைத்து, இரத்தக்குழாய்களையும் பித்தக்குழாயையும் ஒவ்வொன்றாகத் தைத்தார்கள். எனக்குப் பதினொரு மணி நேரம் எடுத்தது என்று பிறகு சொன்னார்கள். நான் அதை எண்ணவில்லை. என் வாழ்நாளில் எண்ணாமல் போன பதினொரு மணி நேரம் அது ஒன்றுதான்.

கண் விழித்தபோது என் உடம்பில் ஒன்பது குழாய்கள். எண்ண முடிகிறது என்று கண்டதும் எனக்கு அழுகை வந்தது. தொண்டையில் குழாய் இருந்ததால் சத்தம் வரவில்லை, நல்லவேளை. அந்தப் படுக்கையிலேயே நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துப் பார்த்தேன். இரண்டு வரை இறங்கினேன். பிழையில்லை.

நான்காம் நாள் கண்ணாடிக்கு அப்பால் மருமகன் வந்து நின்றார். சேலைன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகு கூனி, ஒரு கையால் வயிற்றை அமத்திக்கொண்டு நின்றார். படகைத் தனியே கரைக்கு இழுக்கும் மனிதர். ஒரு நேர்ஸ் அவரைப் பிடித்திருந்தாள். கண்ணாடியில் விரலால் தட்டி, தன் வயிற்றைக் காட்டி, என் வயிற்றைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தினார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இப்படி ஒருவரை நிற்கவைத்துவிட்டுப் படுத்திருக்கிறேனே என்று என் மேலும் வந்தது.

சத்திரசிகிச்சை முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று ஊர் நினைக்கிறது. அங்கேதான் தொடங்குகிறது. உடம்பு ஒரு பொல்லாத காவற்காரன். தன்னுடையதல்லாத எதையும் உள்ளே விடாது, விட்டாலும் அடித்துத் துரத்தப் பார்க்கும். அதனால் அந்தக் காவற்காரனை அரைமயக்கத்தில் வைத்திருக்கக் குளிசை. காலை எட்டு, இரவு எட்டு, வாழ்நாள் முழுவதும். நேரம் பிந்தக்கூடாது. நிறையப் போட்டால் சிறுநீரகம் கெடும், குறையப் போட்டால் ஈரல் போகும். அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி இரத்தம் எடுப்பார்கள். அந்தக் குளிசை என் கையை நடுங்க வைத்தது. ஒருநாள் பழைய பழக்கத்தில் தாளில் நாலு கோடு கீறிப் பார்த்தேன்; நாலும் நாலு பக்கம் போயின. இன்னொரு குளிசை முகத்தை ஊத வைத்தது, பசியைக் கிளப்பியது. கண்ணாடியில் பார்த்தால் பூசணிக்காய்.

காவற்காரன் மயக்கத்தில் இருந்தால் களவெடுக்க வருபவனுக்கும் வசதிதானே. மற்றவர்களுக்கு மூக்கொழுகலாக வந்து போகும் தடிமன் எனக்கு நெஞ்சுச்சளியாகி ஆளைக் கொண்டுபோகலாம். முதல் மாதங்களில் கூட்டம் கூடாது, பச்சையாக ஒன்றும் தின்னக்கூடாது, நாட்டுமருந்து தொடவே கூடாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வாடகை அறையில் கிடந்து, ஜனவரி ஆறாம் திகதி வீட்டுக்கு வந்தோம்.

எங்கள் ஊரில் ஒருவர் நோயிலிருந்து எழும்பி வந்தால் போய்ப் பார்க்காமல் இருப்பது உறவை முறிப்பதற்குச் சமம். கலியாணத்துக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பார்கள், வருத்தம் பார்க்கப் போகாவிட்டால் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள். தைப்பொங்கலன்று மட்டும் இருபத்தேழு பேர் வந்தார்கள். எல்லோரும் என் கையைப் பிடித்தார்கள். ஏழு பேர் கீழ்க்காய்நெல்லி கொண்டுவந்தார்கள், ஈரலுக்கு நல்லதென்று. ஒரு குழந்தை என் மடியிலேயே இருமியது. "வாங்கோ, இருங்கோ" என்று நானும் சொன்னேன். வந்தவர்களைப் போ என்று எப்படிச் சொல்வது?

அடுத்தநாள் மத்தியானம் எனக்கு நூற்றொன்று காய்ச்சல். அம்புலன்ஸில் ஏற்றினார்கள். கொழும்புப் பக்கம் போய்ச் சேரும்வரை நான் ஒன்றையும் எண்ணவில்லை, சம்பந்தியம்மா சொன்ன வசனத்தையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே ஈரலுக்கு ஒன்றுமில்லை, நெஞ்சில் கிருமி என்று கண்டுபிடித்து ஊசிமருந்து ஏற்றினார்கள். விடைபெறும்போது டொக்டர் சொன்னார், "ஐயா, உங்களுக்கு ஆக்களிலை அன்பிருந்தால் தள்ளி நிண்டு அன்பு காட்டச் சொல்லுங்கோ."

ஜனவரி இருபத்து மூன்றாம் திகதி திரும்பி வந்தேன். இருபத்து நான்காம் திகதி காலை மருமகனிடம் படகுக் கயிறு கேட்டேன்.

"என்னத்துக்கு, மாமா?"

"படலைக்குக் குறுக்கை கட்ட. ஒருத்தரும் உள்ளுக்கை வரக்கூடாது."

அவர் தானே கொண்டுவந்து கட்டினார். படகு கட்டும் முடிச்சு. தெரியாதவனுக்கு அவிழ்க்க வராது.

மனைவி தலையில் கைவைத்தாள். "சனம் என்ன சொல்லும்? பாக்க வாற ஆக்களை றோட்டிலை நிக்க வைக்கிறதோ?"

"நிக்க வேண்டாம். இருக்கட்டும். கதிரை போடுவம். மழைக்குத் தறப்பாள் கட்டுவம். நான் உள்ளுக்கை இருந்து கதைக்கிறன், அவை வெளியிலை இருந்து கதைக்கட்டும். தேத்தண்ணி குடுங்கோ. என்ன குறை?"

எனக்கு அது மிகவும் மரியாதையான ஏற்பாடாகத் தெரிந்தது. கதிரை வாடகைக்குக் கொடுப்பவரைக் கூப்பிட்டேன்.

"எத்தினை நாளைக்கு, ஐயா?"

"சொல்ல ஏலாது. ஒரு மாதமாகும், ரெண்டாகும்."

அவர் தலையைச் சொறிந்தார். "கலியாணமெண்டால் ஒரு நாள் விலை. செத்தவீடெண்டால் மூண்டு நாள் விலை. இது என்ன வீடெண்டு போடுறது?"

"வருத்தக்காரன் வீடு."

"அப்பிடி ஒரு விலை என்னட்டை இல்லை, ஐயா."

பன்னிரண்டு கதிரைகளை இரண்டு வரிசையாக வீட்டைப் பார்த்துப் போட்டார். மேலே தறப்பாள் கட்டினார். மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, இது பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள். எப்படி என்று கேட்டேன். "ஒண்டுமில்லை" என்று உள்ளே போய்விட்டாள். அதை வாயால் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒழுங்கைக்குள் தறப்பாள் கட்டிக் கதிரை போட்டால் இரண்டு காரணம்தான். கலியாணமென்றால் வாசலின் இரண்டு பக்கமும் குலையோடு வாழை கட்டியிருக்கும். வாழை இல்லாவிட்டால் மற்றது. அதோடு, பொங்கலுக்கு அடுத்தநாள் என்னை அம்புலன்ஸில் ஏற்றியதை ஒழுங்கையே பார்த்திருந்தது. திரும்பி வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. மழைக்குள் கண்ணாடி மூடிய வான் வண்டியில் வந்திறங்கினேன். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்கவில்லை. ஊர் கூட்டிப் பார்த்தது. செய்தி சல்லிக்குப் போக நான்கு நாள் எடுத்தது, அதுவே ஆச்சரியம்.

சம்பந்தியம்மா ஒழுங்கைக்குள் அழுதுகொண்டே வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. தறப்பாளைத்தான் பார்த்தார். அவர் அழுது சொன்னதில் என் பெயரோ உறவுமுறையோ இல்லை.

"ஐயோ, என்ர பிள்ளையின்ர ஈரலெல்லோ போச்சு! பாதியாய் அறுத்துக் குடுத்ததெல்லோ! நெருப்பிலை போகப்போகுதே!"

நான் எழும்பி நின்றேன். "தங்கச்சி, ஒண்டும் போகேல்லை. இஞ்ச இருக்கு."

அவர் நின்றார். வாயைத் திறந்தபடி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். முகக்கவசம், ஊதிய முகம், நடுங்கும் கை. ஆளை அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கதிரையொன்றைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அழுகை அப்படியே கோபமாகிவிட்டது.

"இருக்கிறியளோ! இருந்துகொண்டோ வாசல்லை செத்தவீட்டுப் பந்தல் போட்டனீங்கள்? உங்களுக்கென்ன விசரோ, அண்ணை?"

சொல்லிக்கொண்டே படலைக்கு வந்து கயிற்றைத் தூக்கினார். அப்போது தும்மினார். ஒன்று. இரண்டு. மூன்று. மூக்கைச் சேலைத்தலைப்பால் துடைத்தார்.

"தங்கச்சி, நில்லுங்கோ. தடிமனோ?"

"ஓம், நாலு நாளாய். அதுக்கென்ன?"

"அப்ப உள்ளுக்கை வரேலாது."

ஒழுங்கை முழுவதும் மதில்களுக்கு மேலால் தலைகள் முளைத்திருந்தன, ஒன்பது தலைகள். சம்பந்தியம்மாவின் முகம் சிவந்தது. கடற்கரையில் பழகிய குரல், துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

"என்ர பிள்ளையின்ர ஈரலை வயித்துக்கை வைச்சுக்கொண்டு எனக்கோ கயிறு கட்டுறியள்?"

உண்மையைச் சொல்கிறேன், அந்தப் பெண்ணின் முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு எனக்கு எந்த உரிமையும் இருக்கவில்லை, ஒன்றைத் தவிர.

"ஓம். அந்த ஈரலுக்குத்தான் கயிறு கட்டினனான். எனக்கெண்டால் கட்டியிருக்கமாட்டன், எல்லாரும் வந்து போங்கோ எண்டு படுத்திருப்பன். வீணாக்கமாட்டன் எண்டு ஆருக்குச் சொன்னனான்? உங்களுக்கு. உங்கட தடிமனுக்கு அதைக் குடுக்க ஏலாது. இந்த ஒழுங்கையே திரண்டு வந்தாலும் ஏலாது. கோவிக்கிறதெண்டால் அங்கை இருந்து கோவியுங்கோ. கதிரை போட்டிருக்கு."

அப்போது உள்ளேயிருந்து மருமகன், தலை ஈரமாக, துவாயோடு வந்தார். தாயையும் என்னையும் பந்தலையும் மதில் தலைகளையும் பார்த்தார். அவருக்கு எல்லாம் ஒரே தரத்தில் விளங்கிவிட்டது. சிரிக்கத் தொடங்கினார். சிரித்தால் வெட்டிய இடம் இழுக்கும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படலைத் தூணில் சாய்ந்து, "ஐயோ அம்மா, நோகுது, சிரிக்க வைக்காதேங்கோ" என்றார்.

"போன் எடுத்தனான், ஏன்ரா எடுக்கேல்லை?"

"குளிச்சுக்கொண்டு நிண்டனான், அம்மா."

கயிற்றுக்குக் கீழால் குனிந்து வெளியே போனார். தாய் அவருடைய சட்டையைத் தூக்கி வடுவைத் தடவிப் பார்த்தார். பிறகு அவருடைய முதுகில் ஓங்கி ஓர் அடி போட்டார். அதன்பிறகுதான் அமைதியானார்.

"செத்தவீட்டுக் கதிரையிலை நான் இருக்கமாட்டன்" என்றார். பத்து நிமிடம் நின்றார். பிறகு இருந்தார். மகள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாகக் கதைத்தோம்.

"வேலை செய்யுதோ?"

"செய்யுது. போன கிழமை இரத்தத்திலை எல்லாம் சரி."

"நேரத்துக்குக் குளிசை போடுறியளோ?"

"எட்டுக்கு எட்டு."

"எவ்வளவு காலத்துக்கு இருக்கும்?"

"அதை ஒருத்தரும் சொல்லமாட்டினம், தங்கச்சி. நான் விடமாட்டன், அதை மட்டும் சொல்லுவன்."

அவர் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்கு நான் சொன்னது கூடிப்போச்செண்டு நினைச்சனான்" என்றார். "இல்லை. அளவாய்த்தான் சொல்லியிருக்கிறன்."

அந்த நேரம் பார்த்து கிளிவெட்டியிலிருந்து என் மனைவியின் தமையன் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, கையில் குடை, முகத்தில் துக்கம். அறுவடை வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார். என்னைக் கண்டதும் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்தார். பாரமான மனிதர். கதிரையின் பின்கால் ஒன்று முறிந்து அவர் சம்பந்தியம்மாவின் காலடியில் மல்லாந்தார்.

"மச்சான், இருக்கிறியோ?" கீழே கிடந்தபடிதான் கேட்டார்.

"இருக்கிறன். நீங்கள்தான் விழுந்திட்டியள்."

அழ வந்த சம்பந்தியம்மா அப்போது முதல்தரமாகச் சிரித்தார். சிரித்ததில் திரும்பத் தும்மினார்.

மச்சான் எழும்பி வேட்டியைத் தட்டிவிட்டு ஏசத் தொடங்கினார். "உந்தப் பந்தலை இப்பவே கழட்டு. உயிரோடை இருக்கிற வீட்டிலை உது வேண்டாத வேலை. கெட்ட சகுனம்."

"கழட்டமாட்டன். வாற ஆக்கள் எங்கை இருக்கிறது?"

"அப்ப ரெண்டு வாழையையாவது கட்டு."

அன்று பின்னேரம் பின்வளவில் இருந்த இரண்டு வாழையைக் குலையோடு தறித்து மருமகன் படலையின் இரண்டு பக்கமும் கட்டினார். அவர் பாரம் தூக்கக்கூடாது என்பதால் மச்சான் தூக்கினார், மருமகன் முடிச்சுப் போட்டார். அதற்குப் பிறகு செத்தவீடு கேட்டு ஒருவரும் வரவில்லை. கலியாணம் கேட்டு வந்தார்கள். ஒழுங்கையால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "ஆருக்கு ஐயா கலியாணம்?" என்றார். "எனக்கும் என்ர ஈரலுக்கும்" என்றேன். சந்தையில் இரண்டு ஓம் சொன்னவரும் ஒருநாள் வந்தார். கயிற்றுக்கு வெளியே இருத்தி, சீனி வருத்தத்தால் ஈரல் எப்படிக் கெடுகிறது என்று முக்கால் மணி நேரம் சொன்னேன். அவருக்கும் சீனி உண்டு. மூன்றாவது ஓம் மெல்லியதாக வந்தது. அடுத்த கிழமை இரத்தம் சோதிக்கப் போனாராம்.

சில உறவினர்கள் கோபித்துக்கொண்டார்கள். கயிற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் நான்கு குடும்பம். போகட்டும். அவர்களுடைய கோபத்தால் எனக்குக் காய்ச்சல் வராது.

சம்பந்தியம்மா தடிமன் மாறிய பிறகும் உள்ளே வரவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டோவில் வந்தார்; அதே கதிரையில், வெளியே இருந்தார். "எதுக்கு வீண் ஆபத்து" என்று அவரே மற்றவர்களைத் தடுத்தார். உறவினர் யாராவது கயிற்றில் கைவைத்தால் எனக்கு முதல் அவருடைய குரல் எழும்பும். நன்றாகச் சமைத்த மீன்குழம்பு கொண்டுவருவார், சட்டியைக் கயிற்றுக்கு மேலால் மகளிடம் நீட்டுவார். நான் விலை கேட்கவில்லை, காசு கொடுக்கவும் இல்லை. மாப்பிள்ளை வீட்டில் கைநீட்டும் விஷயத்தில் எனக்கு இனி மானம் என்று ஒன்று மிச்சமில்லை. அது போனதில் எனக்குக் கவலையுமில்லை.

மார்ச் முதற்கிழமை கிளினிக்கில் குளிசையைக் குறைத்தார்கள். அளவாக ஆட்களைச் சந்திக்கலாம் என்றார்கள். மருமகனைச் சோதித்து, அவருடைய ஈரல் கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வளர்ந்துவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாகத் தொழிலுக்குப் போகலாம் என்றார்கள். பத்தாம் திகதி, ஞாயிறு, அவர் கயிற்றை அவிழ்த்துப் படகுக்குக் கொண்டுபோனார். சம்பந்தியம்மா கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முகக்கவசம் போட்டு, உள்ளே வந்து எனக்கு எதிரே இருந்தார்.

"எந்தப் பக்கம், அண்ணை?"

வலப்பக்கம் விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினேன். அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் அசையவில்லை.

"சின்னனிலையும் அவன் வலப்பக்கம் சரிஞ்சுதான் படுப்பான்" என்றார். பிறகு எழும்பிக் குசினிக்குப் போனார்.

மத்தியானம் கதிரைக்காரர் வந்து பந்தலைக் கழற்றினார். சத்திரசிகிச்சைக்கு அரசாங்கம் ஒரு சதமும் வாங்கவில்லை. குளிசையைக் கிளினிக்கில் தருகிறார்கள். கொழும்பு அறை வாடகையையும் போக்குவரத்தையும் மகன் கட்டினான். என் சொந்தக் கையிலிருந்து நான் கொடுக்க வேண்டியிருந்தது இது மட்டும்தான். பன்னிரண்டு கதிரை, நாளுக்கு இருபத்தைந்து ரூபாய்ப்படி நாற்பத்தேழு நாள். தறப்பாள் நாளுக்கு இருநூறு. மச்சான் முறித்த கதிரை ஆயிரத்து அறுநூற்றைம்பது. கதிரைக்காரர் கூட்டிப் பார்த்துவிட்டு, "வருத்தக்காரன் வீடெல்லோ ஐயா, நூற்றைம்பதை விடுங்கோ" என்றார்.

"வருத்தக்காரன் வீடு முடிஞ்சுது. முழுக்கப் பிடியும்" என்றேன். கை நடுங்காமல் எண்ணிக் கொடுத்தேன்: இருபத்தையாயிரத்து நூற்றைம்பது ரூபாய்.